ஊர் ஒன்று, அரசர் பலர்

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியது யார்? கெம்பே கவுடர் என்பார் ஒருவர். ஐதர் அலி என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான்.

சீன நாட்டில் பல வம்சங்கள் ஆண்டன. வம்சம் என்றால் ஒரே குடும்பத்தார் வழிவழியாக ஆள்வது. ஒரு வம்சம் போகும், இன்னொன்று வரும். கி.மு. 221 முதல் கி.பி. 1912 வரை அங்கே இதுதான் நடந்தது. பெங்களூரின் கதையும் இப்படித்தான்.

பேகூர் கோயிலில் ஒரு வீரக்கல் உள்ளது. வயது சுமார் 1100 ஆண்டு. கங்க அரசர் காலத்துக் கன்னடக் கல்வெட்டு அது. அதில் 'பெங்களூர்ப் போர்' என்ற சொல் வருகிறது. வெந்த அவரைக்காயால் இந்த ஊருக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையில் வரும் அரசருக்கு முன்பே இந்தப் பெயர் இருந்திருக்கிறது!

சுமார் 1004இல் சோழர்கள் கங்கரை வென்றார்கள். 1116இல் ஹொய்சள அரசர் விஷ்ணுவர்தனர் சோழரை விரட்டினார். ஆனால் சோழர் போன பிறகும் இங்கே தமிழ் இருந்தது. டொம்லூர் சொக்கநாதசாமி கோயிலில் ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். அது பழைய எழுத்து. முழுவதும் படிக்க வராது. ஆனாலும் ஒன்றிரண்டு எழுத்து பிடிபடும்.

பிறகு விஜயநகர அரசர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே எலகங்காவை ஆண்டவர் கெம்பே கவுடர். 1537இல் அவர் மண்கோட்டை கட்டினார். கோட்டையோடு பேட்டைகளும் வளர்ந்தன. அரிசிக்கு அக்கிப்பேட்டை. பஞ்சுக்கு அரளேபேட்டை. பானை செய்பவர்களுக்குக் கும்பாரப்பேட்டை. பின்னால் வந்த அரசர்கள் எல்லாம் இந்த வியாபாரத்துக்குத்தான் ஆசைப்பட்டார்கள்.

1638இல் பிஜப்பூர் சுல்தானின் படை ஊரைப் பிடித்தது. சுல்தான் பெங்களூரைத் தன் தளபதி ஷாஜிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஜாகீர் என்றால் வரி வசூலித்து அனுபவிக்கும் உரிமை. இந்த ஷாஜி, சிவாஜியின் தந்தை. இன்னொரு மகன் ஏகோஜி இங்கிருந்து போய்த் தஞ்சாவூரைப் பிடித்தார். தஞ்சை மராட்டியர் ஆட்சி அப்படித் தொடங்கியது.

1687இல் மொகலாயப் படை வந்தது. அந்தப் படை ஊரை வைத்துக்கொள்ளவில்லை. மைசூர் அரசர் சிக்கதேவராஜ உடையாருக்குக் கொடுத்துவிட்டது. விலை 3 லட்சம் ரூபாய். வீடு விற்றால் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். ஊர் கைமாறியபோது ஊராரை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஐதர் அலி மைசூர் ஆட்சியைக் கைப்பற்றினார். மண்கோட்டையைக் கல்கோட்டை ஆக்கினார். லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. அவர் மகன் திப்பு சுல்தான். 1791 மார்ச் 21இல் ஆங்கிலேயர் கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே புகுந்தார்கள். அந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு உண்டு. 1799இல் திப்பு போரில் இறந்தார். ஆங்கிலேயர் மைசூர் அரசை உடையார் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அரியணையில் அமர்ந்த அரசருக்கு 5 வயதுகூட நிரம்பவில்லை! சீனாவில் 1912இல் பதவி விலகிய கடைசி அரசர் பு யிக்கு வயது 6. குழந்தைகள் பெயரில் பெரியவர்கள் ஆண்டார்கள்.

1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தார்கள். தண்டு என்றால் படை தங்கும் இடம். அதுதான் கண்டோன்மெண்ட். சென்னைப் படையோடு தமிழர்கள் பலர் வந்தார்கள். சிப்பாய், கொத்தனார், சமையல்காரர், வண்ணார், வியாபாரி எனப் பலவகை. அல்சூர், சிவாஜி நகர்த் தமிழர் பலருடைய முன்னோர் இப்படி வந்தவர்கள். பேட்டை ஒரு நிர்வாகம், தண்டு வேறு நிர்வாகம். இரண்டும் 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆயின.

1951-52இல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு. அப்போது நாட்டில் 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியின் மேல் சின்னம் ஒட்டினார்கள். மக்கள் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். யார் ஆள்வது என்று பெங்களூர் மக்கள் எல்லோரையும் கேட்டது அதுதான் முதல் தடவை.