பலர் எழுதிய கையேட்டை எப்படிச் சீர்செய்வது?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளை நடத்திவருகிறோம். அதன் கையேட்டைத் தன்னார்வலர்களே எழுதினார்கள். இப்போது அதைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒரு பக்கம் சொல்வதை இன்னொரு பக்கம் மறுக்கிறது. போன மாதம் அதைப் பார்த்துப் புதிய பதிப்புக்கு மாறிய ஒருவர் தம் கோப்புகளை இழந்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. எழுதியவர்கள் மனம் புண்பட்டு விலகிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. இரவில் தூக்கமே வருவதில்லை.
– கு.ரா., ஃபேரர் பார்க்

பதில்: அன்புள்ள கு.ரா., முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். இது உங்கள் திட்டத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை. கிட்ஹப் (மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைத்துப் பலரும் கூடித் திருத்தும் தளம்) 2017-இல் நடத்திய ஆய்வில், அரைகுறையான அல்லது பழசாகிப்போன கையேடுகளைத் தாங்கள் சந்தித்ததாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் கையேட்டுப் பக்கம் வருவது அரிது அல்லது வருவதே இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அப்படியென்றால் உங்களுக்காக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர்கள் அபூர்வமானவர்கள். அவர்கள் எழுதியதை ஒரே நாளில் அழித்துவிடாதீர்கள்.

கோப்பு போன விஷயம் மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்தப் பக்கத்தை இன்றே திறந்து, அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும், முதலில் கோப்புகளை நகலெடுத்து வைக்க வேண்டும் என்பதையும் தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். எச்சரிக்கை கட்டளைக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் பயனில்லை; எல்லாரும் கட்டளையை ஓட்டிவிட்டுத்தான் அடுத்த வரியைப் படிப்பார்கள்.

தவறு எங்கிருந்து வருகிறது? எழுதுபவரின் கணினியில் தேவையானவை எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அவர் பைத்தான் நிரல்மொழியை நிறுவி நெடுநாள் ஆகியிருக்கும். அதைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வராது. இன்னொரு காரணம் கண்ணுக்கே தெரியாது. கட்டளையில் அடுத்தடுத்து வரும் இரண்டு சிறு கோடுகளை, அரட்டைச் செயலியோ சொற்செயலியோ ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். நேரான மேற்கோள் குறியும் வளைந்துவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், கணினி ஏற்காது. புதிதாக வந்தவர் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல், நிரல் ஓரிடத்திலும் கையேடு வேறோரிடத்திலும் இருந்தால் ஒன்று மாறும்போது மற்றது மாறாது. நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய டீம்மேட்ஸ், மாணவர்களிடமிருந்து கருத்துப் பெற ஆசிரியர்களுக்கு உதவும் கட்டற்ற மென்பொருள். அதற்கு உழைப்பவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். ஆனாலும் கணினியில் நிறுவுவது, திருத்தம் அனுப்புவது ஆகியவற்றுக்கான வழிகாட்டிகள் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. நிரலை மாற்றுபவர் அதே புல் ரிக்வெஸ்டில் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வைக்கும் விண்ணப்பம்) கையேட்டையும் திருத்தி அனுப்பிவிடலாம். புதியவர்களுக்கென்று எளிய பணிகளைத் தனியே குறித்தும் வைக்கிறார்கள். நீங்களும் முதலில் கையேட்டை நிரல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேருங்கள்.

பிறகு, மென்பொருளை இதுவரை பார்த்திராத ஒருவரை ஒரு சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு அழையுங்கள். அவருடைய மடிக்கணினியில் நிறுவும் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் என்ன கேட்டாலும் வாய் திறக்காதீர்கள். இது மிகவும் கடினம், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்த வரியைத் திரும்பப் படிக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடங்கள் அவைதான்.

மனம் புண்படுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘உங்கள் பக்கம் தவறு’ என்று யாருக்கும் எழுதாதீர்கள். ‘மூன்றாம் படியில் ஒருவர் நின்றுவிட்டார். உங்கள் கணினியில் அப்போது என்னென்ன இருந்தன?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே திருத்தித் தருவார். பங்களித்தோர் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும்.

ஆள் சேர்க்கப் பரிசு மட்டும் அறிவிக்க வேண்டாம், தம்பி. 2020 ஹேக்டோபர்ஃபெஸ்டில் (கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் அக்டோபர் மாத நிகழ்வு), நான்கு விண்ணப்பங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், அறிமுகப் பக்கங்களில் ஒரு சொல்லை மாற்றிய வெற்றுத் திருத்தங்கள் வந்து குவிந்தன. அந்த அக்டோபர் தொடக்கத்திலேயே, இணைய விரும்பும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழிலும் பக்கங்கள் வைத்திருந்தால், ஆங்கிலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து மொழிபெயர்த்தது என்று ஒவ்வொன்றிலும் குறியுங்கள்.

கோப்பை இழந்தவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். வருத்தம் தெரிவித்துவிட்டு, திருத்திய பக்கத்தை முதலில் அவரிடம் காட்டி, எந்த வரியில் தடுமாறினார் என்று கேளுங்கள். அவர் விரும்பினால் அந்தத் திருத்தம் அவர் பெயரிலேயே வரட்டும்.