வாளிக்குள் மண் இல்லை, பிறகு என்ன?

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)

போன வருட மலரில் எங்கள் டிபார்ட்மெண்ட் சார்பில் வந்த கட்டுரை காங்கிரீட் மிக்ஸ் டிசைன் பற்றியது. அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எழுதியவர், இன்னொருவர் புரூஃப் பார்த்த அடியேன். அதனால் இந்த முறை தக்காளி பற்றி எழுதுகிறேன். ஆனாலும் சிவில்காரன் எழுதுவதாயிற்றே, சல்லடையும் ஜல்லியும் வராமல் போகாது.

ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு டவுனில் வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாடியில் நாலு தொட்டி வைக்கலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரர், "மண்ணு மூட்டையெல்லாம் மேல ஏத்தாதீங்கம்மா, தளம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வருத்தம். ஆனால் கணக்குப் போட்டால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1800 கிலோ. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றுக்கு 36 கிலோ. ஆள் ஏறி நடக்கும் தட்டைக் கூரைக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் (1987) சொல்லும் லைவ் லோடு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. நாலு வாளியை நெருக்கி வைத்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். அப்புறம் நாம் நிற்க இடமில்லை! அதே வாளியில் நனைந்த தென்னை நார்க் கழிவு என்றால் எடை பாதிக்குப் பக்கம்தான். இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் ஒருவாறு தலையாட்டினார்.

மண்ணில்லாமல் பயிர் வளர்ப்பது புதிதல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக் என்பவர் 1930-களில் தொட்டித் தண்ணீரில் தக்காளி வளர்த்துக் காட்டி, 1937-ல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் பிரபலப்படுத்தினார். நம் நாட்டிலேயே 1946-ல் டார்ஜிலிங் பக்கம் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் கல் துகளும் மணலும் போன்ற உள்ளூர்ப் பொருட்களை வைத்து மலிவான முறை ஒன்றை உருவாக்கினார். பெங்கால் முறை என்று அதற்குப் பெயர்.

நான் செய்தது அதைவிடச் சுலபம். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. வாளியின் பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டு இஞ்ச் உயரத்தில் ஒரு துளை. மேலே உரக்கரைசல் ஊற்றினால் துளைக்கு மேலே உள்ளது வடிந்துவிடும். அடியில் இரண்டு இஞ்ச் நிற்கும். ஸ்டவ் திரி மண்ணெண்ணெயை இழுப்பது போல, வாளிக்குள் இருக்கும் பொருள் அந்தத் தண்ணீரை மேலே இழுத்து வேருக்குக் கொடுக்க வேண்டும். ஆக, எந்தப் பொருளைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செடியைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும், தண்ணீரை இழுக்கவும் வேண்டும், வேர் மூச்சுவிடக் காற்றும் விட வேண்டும், தன் பங்குக்கு உப்பையோ சுண்ணாம்பையோ கலக்கவும் கூடாது.

முதல் தப்பு ஜல்லியில் நடந்தது. தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று அடியில் மூன்று இஞ்சுக்கு முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி போட்டு, அதன் மேல் நார்க் கழிவு நிரப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் செடி வாடிவிட்டது. துளையில் விரலை விட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறது! துகள் பெரிதாக ஆக கேப்பிலரி ஏற்றம் குறையும் என்று சாயில் மெக்கானிக்ஸில் பரீட்சைக்கு எழுதிய அதே ஆள்தான் நான். துளை இரண்டு இஞ்சில், ஜல்லி மூன்று இஞ்ச் வரை. தண்ணீருக்கும் நார்க் கழிவுக்கும் நடுவே ஓர் இஞ்ச் வெறும் ஜல்லி, அதில் திரி அறுந்துபோயிற்று. பூந்தொட்டிக்கு அடியில் ஓடும் கல்லும் போடும் பழக்கத்தை இந்த வாளிக்குக் கொண்டுவராதீர்கள். அடி முதல் மேல் வரை ஒரே கலவையாக இருக்கட்டும்.

நார்க் கழிவு மட்டும் போட்டால் என்ன? தண்ணீரை அபாரமாகப் பிடிக்கும், ஆனால் தூள் அதிகமானால் சேறு மாதிரி இறுகிக் காற்று போகாது. மணல் கனம், எம்-சாண்டில் கிரஷர் தூசி இருந்தால் அதுவும் இறுகும். பச்சை உமி மட்கும்போது நைட்ரஜனைத் தின்னும், நடுவே நெல்லும் முளைக்கும். உமிக்கரி நல்லது, சாம்பல் போகக் கழுவினால். கடையில் விற்கும் பெர்லைட்டும் நல்லதுதான், விலை நமக்குச் சரிப்படாது. நாளாக நாளாகப் பொடியாகவும் செய்யும், நனைக்காமல் கொட்டினால் தூசி மூக்கில் ஏறும். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது உடைத்த செங்கல். 10 மி.மீ. சல்லடையில் விழுந்து 4.75-ல் நிற்பதை மட்டும் எடுத்து, இரண்டு பங்கு நார்க் கழிவுக்கு ஒரு பங்கு கலந்தேன். செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று ஐ.எஸ். 1077 சொல்கிறது. வீடு கட்டுகிறவனுக்கு அது குறை, நமக்கு லாபம். எடை கொஞ்சம் கூடும், இருந்தும் மண்ணுக்கு ரொம்பக் கீழே.

இடித்த கட்டடத்துச் செங்கல் என்றால் ஜாக்கிரதை. ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் சிமெண்டும் கரைசலின் பி.எச்.சை ஏற்றிவிடும், நமக்கு வேண்டியது 5.5-லிருந்து 6.5. ஒரு துண்டின் மேல் லேபில் உள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் அந்தக் குவியலே வேண்டாம்.

காற்று போதுமா என்று பார்க்க ஒரு மக்கு போதும். அடியில் ஓட்டை போட்டு விரலால் அடைத்து, ஊறிய கலவையை நிரப்பி, மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். விரலை எடுத்து வடிவதை அளங்கள். ஒரு லிட்டர் கலவையிலிருந்து 150 முதல் 250 மில்லி வடிந்தால் சரி. நூறுக்குக் கீழே என்றால் செங்கல் சேர்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது தப்புதான் வீட்டில் கண்ணீர் வரை போயிற்று. செடிகள் செழிப்பாக வளர்ந்து காய்த்தன. காய் எலுமிச்சை அளவு ஆனதும் ஒவ்வொன்றாக அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அழுந்திப்போயிற்று. அம்மா யாரிடமும் பேசவில்லை. ராத்திரி, "நெலத்தோட என் கைராசியும் போச்சுடா" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது நுனி அழுகல். கிருமியால் வருவதில்லை, காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. தண்ணீர் விட்டு விட்டுக் கிடைத்தாலும் வரும், ஆனால் எங்கள் வாளியில் அடித்தண்ணீர் வற்றவே இல்லை. சந்தேகம் நார்க் கழிவின் மேல் திரும்பியது. அதை ஊறவைத்த தண்ணீரைக் கெமிஸ்ட்ரி லேபுக்குக் கொண்டுபோய் கண்டக்டிவிட்டி மீட்டரில் வைத்தால், குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு காட்டியது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம் அதிகம். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டை என்றால் சோடியமும் சேரும். இன்னொரு வேலையும் அது செய்யும்: நாம் ஊற்றும் கால்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும். நான் கட்டியை வாங்கி, ஊறவைத்து, கழுவாமல் அப்படியே போட்டிருந்தேன். குற்றவாளி நான், அம்மாவின் கை அல்ல!

அடுத்த முறை 5 கிலோ கட்டியை ஊறவைத்து, வடியும் தண்ணீர் மீட்டரில் குழாய்த் தண்ணீர் அளவுக்கு வரும்வரை அலசினேன். பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, மறுபடி ஒரு தரம் அலசினேன். (கால்சியம் நைட்ரேட்டின் கெட்டிக் கரைசலை மற்ற உரங்களின் கெட்டிக் கரைசலோடு கலக்காதீர்கள், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.) மூன்று வாளிக்கு இந்தக் கலவை, மூன்றுக்குக் கழுவாத பழைய பாணி. கழுவாத வாளிகளில் மறுபடி அடி கறுத்தது, மற்றதில் ஒரு காய்கூட இல்லை. ஆறு வாளியை வைத்து யாரும் டாக்டர் பட்டம் தர மாட்டார்கள்தான். ஆனால் முதல் காயைப் பறித்து அம்மா திருப்பித் திருப்பி அடியைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

இனி மறுபடி உபயோகிப்பது. செடி ஓய்ந்ததும் உடனே கொட்டிவிடாதீர்கள். நோயில் போன செடியா என்று முதலில் பார்க்க வேண்டும். திடீரென வாடிய தக்காளி என்றால் தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த நார்க் கழிவை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.

நல்ல செடி என்றால் கலவையைக் காயவைத்து, கசக்கி, வேரைப் பொறுக்கி 4.75 சல்லடையில் சலித்தால் செங்கல் தனியாக, நார்க் கழிவு தனியாக வரும். செங்கலுக்குச் சாவே இல்லை. 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்து அரை மணி ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். அடியில் தங்கும் கசடு சுண்ணாம்பு, அது சேரக்கூடாது. முன்னே சொன்ன அமிலம் பிளீச்சிங் பவுடர் பக்கமே வரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டல்ல. நார்க் கழிவின் மேலே பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுரண்டி எறிந்து, பழையபடி அலசி, மக்கு சோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று போகத்தில் அது தூளாகிவிடும், வடிவது குறையும். அப்போது புதிதாகக் கொஞ்சம் கலக்கலாம். தக்காளி இருந்த வாளியில் அடுத்ததாகக் கத்தரி வைக்காமல் கீரை போடுவது எங்கள் வழக்கம். முதல் இரண்டுக்கும் ஒரே குடும்பத்து நோய்கள்.

ஓய்ந்துபோன நார்க் கழிவு இப்போது வீட்டுக்காரரின் தென்னை மரத்தடிக்குப் போகிறது. போன வாரம் அவரே மேலே ஏறி வந்து, "இன்னும் ரெண்டு வாளி வேணா வெச்சுக்குங்கம்மா" என்றாராம். வாளி இருக்கிறது, சல்லடைதான் இல்லை. மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் எடுத்த 4.75-ஐ வேரோடு திருப்பிக் கொடுத்ததிலிருந்து லேப் அண்ணன் என்னைக் கண்டாலே பீரோவைப் பூட்டிவிடுகிறார். யாராவது வாங்கினால் தயவுசெய்து கழுவிக் கொடுங்கள்.