தண்ணீரே எண்ணெய்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதான் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பாங்க. எங்க சித்தப்பா படகுல புஷ் மாத்தியதை நான் கூட இருந்து பார்த்தேன்.

இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டைத் தாங்குவதுதான் புஷ். வெளியே பித்தளை, உள்ளே ரப்பர். ரப்பரில் நீளவாக்கில் பள்ளங்கள் உண்டு. அதில் ஓடும் கடல்நீரே எண்ணெய்! அதனால் கரையில் இன்ஜினை ஓட்டினால் ரப்பர் கருகிடும்.

சோதனை: விசிறியை மேலும் கீழும் ஆட்டணும். 25 மி.மீ. தண்டு 1.5 மி.மீ.க்கு மேல் ஆடினால் மாத்தணும்.

மாத்தும் முறை:
1. விசிறியைக் கழற்றி, தண்டை உருவணும்.
2. புஷ்ஷைப் பிடிக்கும் ஸ்குரூவைக் கழற்றணும்.
3. ஆக்சா பிளேடால் பழைய புஷ்ஷை நீளவாக்கில் அறுத்து எடுக்கணும். வெளிக்குழாயில் பிளேடு படக் கூடாது.
4. புதுசுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டணும்.

பழைய புஷ் ஒரே பக்கம் தேய்ந்திருந்தது. "இன்ஜின் நேரா இல்லடா. அதைச் சரி பண்ணாம போட்டா புதுசும் போயிடும்" என்றார் சித்தப்பா. தண்டு ஆடினால் பேக்கிங் வழியாகப் படகுக்குள் தண்ணீர் ஏறும். அதில் ஆறு பேர் கடலுக்குப் போறாங்க!

யோசியுங்கள்: சைக்கிள் பால்ரஸுக்குக் கிரீஸ். இதற்கு ஏன் தண்ணீர்?

– 9-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு