பியூஸ் கட்டையும் பையனின் டக் அவுட்டும்

அன்புள்ள கம்மாபுரம் வாசகருக்கு,

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் நீங்கள் நடத்தும் செராமிக் பட்டறையில் பியூஸ் கட்டைக்கு ஆர்டர் படுத்துவிட்டது. பையன் வரிசையாக மூன்று ஆட்டத்தில் டக் அவுட். 'வீட்டுக்கே நேரம் சரியில்லை' என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அதை அவிழ்க்கத்தான் இந்தப் பதில்.

முதலில் பையன். மோசமான நாளுக்குப் பின் சற்றுத் தேவலையான நாள் வருவது சாதாரணக் கணக்கு. இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்கள் உளவியலாளர் டேனியல் கானமனிடம் சொன்னார்களாம்: பயிற்சி விமானியைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், திட்டினால் ஒழுங்காக ஓட்டுகிறான். திட்டாவிட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று பின்னாளில் நோபல் வாங்கிய அந்த மனுஷர் கண்டுகொண்டார். பையனின் கோச்சிடம் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார். விராட் கோலியையே பாருங்கள்; 2019 நவம்பரில் வங்கதேசத்துக்கு எதிராகச் சதம் அடித்தார். அடுத்த சர்வதேசச் சதம் 2022 செப்டம்பரில். நடுவில் அரைசதங்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார். நாம்தான் நூறை மட்டும் எண்ணினோம்.

பட்டறை கதை வேறு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். அதில் குறைவில்லை. சுடுகிற கைக்கும் குறைவில்லை. வாங்குகிற வீடு மாறிவிட்டது. முன்பு பியூஸ் போனால் மெயினை அணைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, வெள்ளைக் கட்டையைப் பிடுங்கி, திருகாணியைத் தளர்த்தி, கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுசைச் சுற்றுவோம். இப்போது எம்.சி.பி.; விழுந்த சுவிட்சை மேலே தள்ளினால் போதும். அதன் கூடு பிளாஸ்டிக். நீங்கள் சூளையை ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏற்றி எத்தனை நேர்த்தியாகச் சுட்டு எடுத்தாலும் அந்த வீட்டுக்காரர் திரும்பப் போவதில்லை.

சந்தேகமிருந்தால் பழைய கணக்கு நோட்டுகளை எடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இறங்கி, தையில் ஏறியிருந்தால் அது மழை. பச்சைச் சரக்கு காயாத கோளாறு. அதற்குப் பொறுத்திருக்கலாம். எல்லா மாதமும் போன வருஷத்து அதே மாதத்தைவிடக் குறைந்திருந்தால் பொறுமை கடனைத்தான் வளர்க்கும். அச்சை மாற்றுங்கள். உங்கள் பக்கத்திலேயே கொலு பொம்மை, அகல் விளக்கு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பண்டிகைக் காசு, வருஷம் முழுக்கச் சோறு போடாது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த நவராத்திரிக்கும் வருவார்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. பையன் மூன்று முறையும் எப்படி அவுட் ஆனான்? ஒன்று ரன் அவுட், ஒன்று கேட்ச் என்றால் நான் மேலே சொன்னது நிற்கும். மூன்றும் உள்ளே வந்த பந்தில் போல்டு என்றால் அதுவும் பியூஸ் கட்டைதான். கால் நகர்வைத் திருத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்