தேர் ஓடும் தரை

நுழையும்முன்

தேரோட்டம் என்றதும் வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளே நினைவுக்கு வருகின்றன. தேரைத் திருப்புவோரும் நிறுத்துவோரும் சக்கரத்தின் அருகே குனிந்தபடி நடக்கும் மிகச் சிலரே ஆவர். அவர்களின் தொழிலையும், அத்தொழிலுக்கு ஆதாரமான தரையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏழாம் நாள்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழா பத்து நாள்கள் நடைபெறுகிறது. ஏழாம் நாளில் ஐந்து தேர்கள் மாடவீதிகளை வலம் வருகின்றன. விநாயகர் தேரும் முருகன் தேரும் முன்னே செல்ல, அண்ணாமலையார் எழுந்தருளும் பெரிய தேர் அவற்றைத் தொடர்கிறது. அம்மன் தேரின் வடத்தைப் பெண்களே பிடிப்பர்; சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பர். தேரடியில் புறப்படும் தேர் தெற்கே திருவூடல் தெருவையும், மேற்கே பே கோபுரத் தெருவையும், வடக்கே பெரிய தெருவையும் கடந்து மீண்டும் நிலைக்கு வருகிறது.

கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது. ஆதலால் மேற்கு நோக்கிச் செல்லும் தேர் மலையை நோக்கி ஏறுகிறது. கிழக்கு நோக்கித் திரும்பும்போது இறங்குகிறது. கார்த்திகையோ வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏற்றம், இறக்கம், திருப்பம், ஈரம் ஆகிய அனைத்தையும் தேர் ஒரே நாளில் சந்தித்தாக வேண்டும்.

உருளுதலும் சறுக்குதலும்

ஒரு பொருள் மற்றொன்றின்மீது நகர முற்படும்போது அதனைத் தடுக்கும் விசை உராய்வு எனப்படும். பொருள் நகராதிருக்கும்போது செயற்படுவது ஓய்வுநிலை உராய்வு. நகரத் தொடங்கியபின் செயற்படுவது இயக்க உராய்வு. பெரும்பாலும் முன்னதன் பெரும அளவு பின்னதைவிட மிகுதியாகும். உலர்ந்த எஃகின்மேல் எஃகை வைத்தால் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.75 ஆகவும், இயக்க உராய்வுக் குணகம் 0.57 ஆகவும் இருக்கும். இடையே எண்ணெய்ப் படலம் புகுந்தால் இவ்வளவுகள் பெரிதும் குறைந்துவிடும். சக்கரம் உருளும்போது எழும் தடை இவ்விரண்டையும்விட மிகச் சிறியது. அசையாமல் நிற்கும் தேரை முதலில் அசைக்கவே பெருமுயற்சி தேவைப்படுவதும், அசைந்த தேர் தானே ஓடுவதுபோல் தோன்றுவதும் இதனாலேயே ஆகும்.

நேர்த்தெருவில் தேர் உருள்கிறது. தெருமுனையில் நிகழ்வது வேறு. மகிழுந்தின் முன்சக்கரங்களைத் திருப்புவதுபோலத் தேரின் சக்கரங்களைத் திருப்ப இயலாது. அச்சுகள் தேரின் அடிப்பகுதியோடு அசையாது பிணைக்கப்பட்டவை. எனவே தேர் திரும்பும்போது சக்கரங்கள் உருளுவதோடு பக்கவாட்டில் சறுக்கியும் ஆக வேண்டும். வலம் வரும் தேருக்கு ஒவ்வொரு முனையும் ஒரு சறுக்கல் ஆகும். அந்தச் சறுக்கலை வேண்டிய அளவுக்கு வரவழைப்பதும், வேண்டாதபோது அடக்குவதுமே தேர் செலுத்தும் கலை.

கட்டையின் வேலை

இக்கலையின் முதன்மைக் கருவி முட்டுக்கட்டை. புளி போன்ற கடின மரத்தை ஆப்பு வடிவில் செதுக்கி, ஒருபுறம் சரிவாக அமைத்து, ஓடும் சக்கரத்தின் முன்னே இடுவர். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை இட்டால் அப்பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் தயங்கிய பக்கமாகத் திரும்பும். இருபுறமும் இட்டால் தேர் நிற்கும். நின்ற தேரைப் பின்னிருந்து நெம்பித் தள்ளுவதற்கு நீண்ட மரங்கள் பயன்படுகின்றன. அவற்றைச் சன்னக்கட்டை என்பர். திருவில்லிபுத்தூர், திருநெல்வேலிப் பகுதிகளில் ‘தடி போடுதல்’, ‘சறுக்குக்கட்டை’ முதலிய வழக்குகள் உள்ளன. அன்றாடப் பேச்சில் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்றால் ஒருவன் நற்செயலைத் தடுக்கிறான் என்று பொருள். தேர்வீதியில் அச்சொல்லுக்கு இந்தப் பழி இல்லை. கட்டை இல்லாத தேர் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று எவராலும் கூற முடியாது.

கட்டை எவ்வாறு தேரை நிறுத்துகிறது? சக்கரம் கட்டையின் சரிவில் ஏற முயல்கிறது. அப்போது தேரின் எடையில் ஒரு பகுதி கட்டையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது; மற்றொரு விசை கட்டையை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் மிகும்போது கட்டைக்கும் தரைக்கும் இடையிலான உராய்வும் அதற்கேற்ப மிகும். தேரின் எடையே தேரைப் பிடிக்கும் ஆற்றலாக மாறுகிறது. ஆனால், இவை அனைத்தும் கட்டையின் அடிப்பரப்பு தரையைப் பற்றிக்கொள்ளும்வரைதான். மழைநீரோ, சிந்திய எண்ணெயோ, நசுங்கிய பழமோ கட்டையின் கீழ் அகப்பட்டால் கட்டை பிடிக்காது. சக்கரத்துக்கு முன்னே வழுக்கிக்கொண்டே போகும். உடனே அடுத்த கட்டையை இட வேண்டும். இடுகின்றவருடைய காலும் அதே ஈரத்தரையில்தான் ஊன்றியிருக்கிறது.

திருவள்ளுவர் வழுக்கும் நிலத்தை ‘இழுக்கல்’ என்னும் சொல்லால் குறித்து, அங்கே ஊன்றுகோல் உதவுவதுபோல் ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல் உதவும் என்கிறார். கட்டை இடுவோருக்கு ஊன்றுகோல் பிடிக்கவும் கை ஒழியாது.

மண், தார், கான்கிரீட்டு

மண்தெருவில் ஓடிய தேர்களின் இடர் வேறுவகையானது. மழை பெய்தால் சக்கரம் சேற்றில் புதையும். தரை அமுங்க அமுங்க, சக்கரம் ஒவ்வொரு கணமும் ஒரு மேட்டில் ஏறுவது போன்ற நிலை உண்டாகும். அக்காலத்தில் சில ஊர்களில் யானைகளைக் கொண்டு பின்னிருந்து தள்ளினர். யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியை ஈரமண்ணில் தேர் தள்ளும் யானையோடு பொருத்திப் பார்ப்பது தவறாகாது. பின்னர் வந்த தார்ச்சாலையில் புதைதல் குறைந்தது. எனினும் வெயிலில் இளகிய தாரைப் பெருந்தேரின் சக்கரங்கள் அழுத்திப் பள்ளமாக்கின.

அண்மை ஆண்டுகளில் திருவண்ணாமலை மாடவீதிகளில் கான்கிரீட்டுச் சாலை அமைக்கப்பட்டது. கடினமான தரையில் சக்கரம் புதையாது; வடம் பிடிப்போரின் உழைப்பு குறையும். ஆனால், எளிதாக உருளும் தேரை நிறுத்துவது கடினம். மண் தானே செய்துவந்த தடுப்பு வேலை முழுவதும் இப்போது கட்டை இடுவோரிடம் வந்து சேர்கிறது. இழுப்போருக்குக் கிடைத்த நன்மை, நிறுத்துவோருக்குப் பொறுப்பாக மாறியிருக்கிறது. தெருவைச் செப்பனிடுவோர் இவ்விரு தரப்பினரையும் நினைவிற்கொள்ள வேண்டியுள்ளது.

கான்கிரீட்டு இறுகுவதற்குமுன் அதன் மேற்பரப்பில் தூரிகையால் கீறி வரிகள் உண்டாக்குவது சாலைப் பணியின் வழக்கம். நீர் வரிகளில் வடிந்துவிட, மேடுகள் பிடிமானம் தரும். நாளடைவில் அவ்வரிகள் தேய்ந்து மழுங்கும். நம் வீடுகளில் அம்மி மழுங்கினால் கல்தச்சரை அழைத்துக் கொத்தச் சொல்வது வழக்கமாக இருந்தது. ‘அம்மி கொத்தலையோ’ என்ற தெருக்குரலை இன்றைய மாணவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாமல் நழுவும். சொரசொரப்பை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். தெருவுக்கும் கோயிற்பிரகாரக் கல்லுக்கும் இதே விதிதான். தலைமுறைகளின் பாதங்கள் தேய்த்த கருங்கல் கண்ணுக்கு அழகு. மழைநாளில் வெறுங்காலுடன் நடப்போருக்கு இடர்.

ஒரு கால் பற்ற, ஒரு கால் சறுக்க

சறுக்கலையும் பிடிமானத்தையும் அருகருகே வைத்துப் பேணும் வேறோர் இடத்தையும் காணலாம். சென்னை போன்ற நகரங்களின் பவுலிங் விளையாட்டுக் கூடங்களில், 60 அடித் தொலைவில் நிற்கும் கட்டைகளை நோக்கிக் கனமான பந்தை உருட்டுவர். பந்து ஓடும் தடத்தின் முற்பகுதியில் இயந்திரத்தால் எண்ணெய் பூசப்படுகிறது. ஆட்டக்காரர் ஓடிவரும் தளம் குறைந்தது 15 அடி நீளமுடையது. அதில் எண்ணெயின் சுவடும் இருத்தல் கூடாது. வலக்கை ஆட்டக்காரர் இறுதி அடியில் இடக்காலைச் சறுக்கவிட்டுப் பந்தை விடுவார். எனவே ஆட்டத்துக்கென அமைந்த காலணிகளில் ஒன்றின் அடிப்பகுதி வழுக்கும் தன்மையுடையது. மற்றதன் அடிப்பகுதி பற்றும் ரப்பராலானது. தளத்தில் சிறிது குளிர்பானம் சிந்தினாலும் சறுக்க வேண்டிய கால் ஒட்டிக்கொள்ளும். ஆட்டக்காரர் குப்புற விழுவார். எண்ணெய்த் தடத்துக்கு ஒரு துடைப்பானும் ஓடுதளத்துக்கு வேறொரு துடைப்பானும் தேவைப்படுவது இதனாலேயே.

இதே அறிவு திருவாரூர் ஆழித்தேரிலும் காணப்படுகிறது. 96 அடி உயரமுடைய அத்தேர் தெருமுனையில் திரும்பும்போது, சக்கரங்களின் கீழ் இரும்புத் தகடுகளை இட்டு அவற்றின்மேல் மசகு தடவுவர். திரும்பும் இடத்தில் மட்டும் வழுக்கல். மற்ற இடமெல்லாம் பிடிமானம். திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் நீரழுத்தத் தடைகள் பொருத்தப்பட்ட பின்னரும் அத்தேருக்கு முட்டுக்கட்டைகள் தேவைப்படுகின்றன.

மலையும் சறுக்கியது

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திருவண்ணாமலையில் பெருமழை பெய்தது. மறுநாள் டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண்ணும் பாறைகளும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஐந்து சிறார் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர்.

சரிவில் கிடக்கும் மண்ணைத் தாங்கி நிற்பதும் உராய்வே. மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும்வரை சரிவு நிலைத்திருக்கும். மழைநீர் உட்புகும்போது மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கிடையே தேங்கிய நீரின் அழுத்தம் அவற்றை விலக்குகிறது. பிடிமானம் குறைந்து, சரிவை நோக்கிய இழுப்பு மிகுந்துவிட்டால் ஒரு கணத்தில் எல்லாம் நகர்ந்துவிடும். ஈரத்தெருவில் கட்டைக்கு நேர்வதே இங்கு மலைச்சரிவுக்கும் நேர்கிறது. கட்டை தவறினால் அடுத்த கட்டையை இடலாம். மலைக்கு அத்தகைய வாய்ப்பில்லை.

வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தனர். டிசம்பர் 13 அன்று மகாதீபம் ஏற்றப்பட்டபோது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை, நெய் முதலியவற்றைச் சுமந்து சென்று தீபப் பணி செய்வோரே மேலே சென்றனர். அதற்கு மூன்று நாள்களுக்கு முன், டிசம்பர் 10 அன்று, தேரோட்டம் நடைபெற்றது. சீரமைக்கப்பட்ட பெரிய தேருக்கு நவம்பரிலேயே வெள்ளோட்டம் நடத்தப்பட்டிருந்தது.

வெள்ளோட்டம் தேரை மட்டும் சோதிப்பதன்று, தரையையும் சோதிக்கிறது. தேரோட்டத்துக்கு முன் அச்சும் சக்கரமும் ஆராயப்படுகின்றன. குறுக்கே செல்லும் மின்கம்பிகள் அகற்றப்படுகின்றன. தெருவின் பள்ளங்கள் நிரப்பப்படுகின்றன. சாக்கடை மூடியொன்று தேரின் எடையைத் தாங்குமா என்று பார்ப்பதும் இப்பணியில் அடங்கும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். தேர் சில அடி விலகுவது எத்தகைய செய்தி என்பதைத் தமிழகம் அன்று அறிந்தது.

இரவில் பெரிய தேர் தேரடியை நெருங்குகிறது. இழுப்போரின் ஆரவாரம் மிகும் இவ்வேளையில் கட்டை இடுவோர் குரல் கொடுத்து வடத்தைத் தளர்த்தச் செய்கின்றனர். இனித் தேர் தன் விரைவாலேயே சில அடிகள் உருளும். அந்தச் சில அடிகளைக் கணக்கிட்டு இருபுறமும் கட்டைகள் விழுகின்றன. மரம் நெரியும் ஓசை கேட்கிறது. தேர் நிலைக்கு வருகிறது. கூட்டம் கலைந்தபின், நசுங்கியும் பிளந்தும் தெருவில் கிடக்கும் கட்டைகளை அவர்கள் பொறுக்கி எடுக்கின்றனர். அடிப்பரப்பு மழுங்கியவை தனியே ஒதுக்கப்படுகின்றன.