மேசைக்கு ஒரு வயர், வீட்டுக்கு ஒரு வயர்



காரைக்குடியில் ஐயா வீட்டு முகப்பில் இருக்கும் கம்ப்யூட்டரை இரண்டாங்கட்டுக்கு மாற்ற வேண்டும், மோடத்தின் யுஎஸ்பி வயர் அங்கே எட்டவில்லை, கடையில் நீளமான யுஎஸ்பி வயர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், தம்பி. வாங்காதே.

யுஎஸ்பி 2.0 வயருக்கு விதிக்கப்பட்ட நீளம் 5 மீட்டர். அதற்குமேல் போனால் வேலை செய்தாலும் செய்யும், பாதியில் காலை வாரினாலும் வாரும். ஈதர்நெட் வயரோ 100 மீட்டர் வரை போகலாம். நகரத்து அடுக்குமாடி வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. செட்டிநாட்டு வீடு அப்படியா? ஒரு தெருவில் திண்ணையோடு தொடங்கி, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய் அடுத்த தெருவில் பின்வாசலோடு முடிகிற வீடு அது. 5 மீட்டர் முகப்பையே தாண்டாது.

இரண்டு வயரும் எதற்காகப் பிறந்தன என்று பார்த்தால் கணக்கு எளிதில் புரியும். 1973 மே 22 அன்று, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். கட்டடம் முழுக்கப் பரவிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்றும், அப்போது புதிதாக வந்திருந்த லேசர் பிரிண்டரோடும் எப்படி இணைப்பது என்பதுதான் விஷயம். சக ஆய்வாளர் டேவிட் பாக்ஸோடு சேர்ந்து அவர் அதைச் செய்தும் காட்டினார்; அதுதான் ஈதர்நெட். முதல் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். யுஎஸ்பி இருபது வருஷத்துக்கு மேல் பிந்தியது. அதன் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. இன்டெல்லில் அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் என்று மேசைமேல் இருப்பவற்றுக்கு ஆளுக்கொரு விதமான சொருகி இருந்த தொல்லையை ஒழிப்பதே அதன் நோக்கம். ஆக, ஒன்று கட்டடத்துக்கான வயர், மற்றது மேசைக்கான வயர். மேசை வயரை வைத்து வளவைத் தாண்ட நினைப்பதுதான் இங்கே கோளாறு.

அப்படியானால் மோடத்தை ஏன் யுஎஸ்பியில் மாட்டினார்கள்? பிஎஸ்என்எல் தன் ‘டேட்டாஒன்’ பிராட்பேண்டைத் தொடங்கியது 2005 பொங்கலன்று, ஜனவரி 14. அப்போது பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஈதர்நெட் வயரைச் சொருகும் லேன் கார்டு கிடையாது. யுஎஸ்பி துளை இருந்தது. ஹுவாவெய் எம்டி882 போன்ற மோடங்களில் இரண்டு வாசலும் உண்டு. கார்டுக்குத் தனியாகச் செலவு செய்வானேன் என்று யுஎஸ்பியில் மாட்டி, சிடியைப் போட்டு டிரைவரை ஏற்றி, இணையம் வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். வேலை செய்கிற ஒன்றை யாரும் தொடுவதில்லை. உன் ஐயா தொடாமலிருந்ததில் வியப்பில்லை.

நீளம் மட்டுமல்ல, இரண்டு வயரும் பேசும் விதமும் வேறு. யுஎஸ்பியில் கம்ப்யூட்டர் முதலாளி, மோடம் கணக்குப்பிள்ளை. முதலாளி கேட்டால்தான் கணக்குப்பிள்ளை வாய் திறப்பார். அதுவும் அந்த முதலாளிக்குப் புரியும்படி பேச டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். ஈதர்நெட்டில் இரண்டு பேரும் பங்காளிகள். யார் வேண்டுமானாலும் முதலில் பேசலாம். மோடத்துக்கென்று தனி டிரைவர் தேவையில்லை. 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய பழைய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. லினக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மோடத்தோடு வந்த சிடியோ பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும். அந்த லேப்டாப்பில் ஈதர்நெட் வயரைச் சொருகியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஈதர்நெட்டுக்கு மாறினால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 256 கிலோபிட் லைன் எந்த வயர் வழியே வந்தாலும் 256 கிலோபிட்தான். மோடம் பழைய யுஎஸ்பி 1.1 வகையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்: அதன் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட், ஏடிஎஸ்எல்2+ வகை பிராட்பேண்ட் லைனுக்குக் காகிதத்தில் 24. காரைக்குடிச் செப்புக் கம்பியில் அந்த 24-ஐ எதிர்பார்ப்பது வேறு கதை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் ஒரு தாளில் எழுதி வை. இல்லையென்றால் டிரைவரை நீக்கிய பிறகு அவற்றைத் தேடி அப்பத்தாவின் பெட்டகத்தைக் குடைய வேண்டி வரும். பிறகு இணைப்பைத் துண்டித்து, யுஎஸ்பி வயரைப் பிடுங்கி, பழைய டிரைவரை நீக்கிவிட்டு, அதன் பிறகே ஈதர்நெட் வயரைச் சொருகு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டாதே. ஒரே மோடத்துக்கு இரண்டு வழி தெரிந்தால் எந்த வழியில் போவதென்று கம்ப்யூட்டர் தடுமாறும்.

சொருகும்போது ‘கிளிக்’ என்று சத்தம் வர வேண்டும்; மோடத்தில் லேன் விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரியாவிட்டால் திரையில் எதையும் மாற்றிப் பயனில்லை, கோளாறு வயரிலோ துளையிலோ இருக்கிறது. விளக்கு எரிந்தால், ஐபி முகவரி தானாகவே கிடைக்கும்படி அமைப்பை வைத்துவிட்டு, விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடு. 192.168.1 என்று தொடங்கினால் அநேகமாக மோடம் பேசுகிறது என்று பொருள். 169.254 என்று வந்தால், மோடத்திடமிருந்து பதில் வராமல் கம்ப்யூட்டரே தனக்கு ஒரு முகவரி வைத்துக்கொண்டது. மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்.

முகவரி சரியாக வந்தும் இணையம் வரவில்லையா? யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுத்து டயல் செய்யும் பொறுப்பு மோடத்திடமா, கம்ப்யூட்டரிடமா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிடம் என்றால் விண்டோஸில் புதிதாக ஒரு பிராட்பேண்ட் கனெக்‌ஷனை உருவாக்கி, எழுதி வைத்த தாளை எடு. கேபிள் டிவிக்காரர் தரும் இணையத்தில் இன்னொரு சிக்கல் வரும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஒரு மேக் முகவரி உண்டு. யுஎஸ்பியிலிருந்து மாறினால் அதுவும் மாறிவிடும். பழைய முகவரியைப் பதிந்து வைத்திருக்கும் ஆபரேட்டரிடம் புதியதைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

வயரை எப்படி இழுப்பது என்பதில்தான் செட்டிநாட்டு வீட்டுக்காரர் யோசிக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரில் டிரில்லிங் மெஷினை வைப்பது, என் அபிப்பிராயத்தில், பாவம். செட்டிநாட்டு ஊர்கள் சிலவற்றை 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தேக்கு உத்தரத்தின் மேல்விளிம்பு ஓரமாக வயரை ஓட்டினால் கண்ணிலேயே படாது. கரண்டு வயரோடு ஒட்டி ஓட்டாதே, மூலையில் ஒடித்து மடக்காதே. முனையை நீயே கிரிம்ப் செய்வதானால் உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளின் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3-லும் 6-லும் பிரிந்து நிற்பதைக் கவனி. அதை அடுத்தடுத்து வைத்துவிட்டால் குட்டை வயரில் ஓடும், நீள வயரில் திணறும். முறுக்கிய ஜோடிதான் இரைச்சலைத் தட்டிக் கழிக்கிறது. ஜோடி மாறினால் அந்தப் பலன் போய்விடும்.

அந்த முனையில் பளபளக்கும் எட்டுப் பல்லிலும் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. வெறும் உலோகம் காற்றிலும் ஈரத்திலும் களிம்பேறித் தொடர்பைக் கெடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. பூசுவதும் அரிப்பைத் தடுப்பதும் மின்வேதியியல். அதற்கென்றே உன் ஊரில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சிக்ரி, இருக்கிறது.

ஈதர்நெட்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அதன் துளையோடு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே மின்சாரம் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாமல் அவை பிரித்து வைக்கும். யுஎஸ்பியில் இந்தப் பிரிப்பு கிடையாது. ஆனாலும் கோடை இடிக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் காவல் என்று நினைத்துவிடாதே. வானம் இருட்டினால் போன் லைனையும் பவரையும் பிடுங்கிவிடு.

இரண்டாங்கட்டில் வைஃபையும் வேண்டுமென்றால், முகப்பு மோடத்தின் அலை அந்தப் பருத்த சுவர்களைத் தாண்டி வராது. வயரின் இரண்டாங்கட்டு முனையில் ஒரு சிறு அக்சஸ் பாயின்ட் மாட்டு. நாளைக்கே செப்பு லைன் போய் ஃபைபர் வந்தாலும் இந்த வயர் வீணாகாது. ஃபைபர் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருவதும் ஈதர்நெட்தான்.

கழற்றிய யுஎஸ்பி வயரைத் தூக்கி எறியாதே. மோடம் பக்கத்து முனை சதுரமாக இருந்தால் பிரிண்டருக்கும் அதே வயர்தான்.