மெஷின் வாங்குவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதுக் காருக்கு வீட்டிலேயே வாக்ஸ் போட மெஷின் வாங்கலாமா, எது நல்லது என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை ஏறுவதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். வாக்ஸ் என்பது பெயின்ட்டின் மேல் நாம் போடுகிற படலம். பாலிஷும் காம்பவுண்டும் பெயின்ட்டையே கொஞ்சம் தேய்த்து எடுப்பவை. ஒரே மெஷினில் இரண்டையும் செய்யலாம் என்பதால் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. நம் ஊர் வெயிலை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். தேய்ந்துவிட்டால் பெயின்டிங் ஷெட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அதைக் காப்பாற்றுகிற மெஷினே உனக்கு ஏற்ற மெஷின்.

ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழலும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூடேறும். பானெட் ஓரங்களில் பெயின்ட்டை எடுத்தே விடும். அது கை பழகியவர்களுக்கு. டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே சிறு வட்டமாக அசையும். அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். உனக்கு இதுதான். 5 அங்குல பிளேட், 8 மில்லிமீட்டர் அசைவு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார். 15, 21 மில்லிமீட்டர் மெஷின்கள் அகலமான பரப்புக்குச் சௌகரியம். சின்னக் காரின் வளைவுகளில் கையாள்வது சிரமம். 700 வாட் போதும். பார்க்கிங்கில் உள்ள 5 ஆம்பியர் பிளக்கே தாங்கும்.

ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அது நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்லவும் வேண்டாம். அங்கே 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் மோட்டார் கருகிவிடும்.

பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் நீ அதிகம் அழுத்துகிறாய் என்று பொருள். வாக்ஸுக்கு மிருதுவான ஃபோம் பேடும் குறைந்த வேகமும் போதும். கீழே விழுந்த பேடை அப்படியே மறுபடி வைக்காதே. ஒட்டிய மணல் கோடு போட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராத்திரி பார்க்கிங்கில் செல்போன் டார்ச்சை பானெட் மேல் அடித்துப் பார். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் மெட்ரோ வேலைப் புழுதி, பெசன்ட் நகரில் உப்புக் காற்று. அந்தத் தூசியை, ஒரே பக்கெட் தண்ணீரில் பத்துக் காரைத் துடைத்த துணியால் தினமும் தேய்த்தால் கீறல் விழாமல் என்ன செய்யும்? அது நிற்காதவரை நீ வருஷா வருஷம் பாலிஷ் போட்டுக் கிளியர் கோட்டைத்தான் கரைப்பாய். கார் துடைக்கிறவரிடம் உன் வண்டியைத் தினமும் துடைக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல், சம்பளத்தைக் குறைக்காதே. வாரம் ஒரு முறை ஷாம்பு போட்டு நீயே கழுவு. போர் தண்ணீராக இருந்தால் வெயிலில் காயவிடாமல் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடு. இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

அப்புறம் ஒரே ஒரு முறை பாலிஷ். அதன் பிறகு வாக்ஸ் மட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை கட்டாயம். அதைக் கையாலேயே போட்டாலும் குறைவில்லை.

மெஷின் வந்ததும் உன் காரில் வைத்துவிடாதே. புதுப்பேட்டையில் பழைய பானெட் ஒன்று வாங்கி, கை பழகும் வரை அதில் ஓட்டிப் பார். நீ கடைக்குப் போகும் அன்று சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா